ஒரே ராத்திரிக்காகச் செய்த எலும்புக்கூடு

அட்டை எலும்புக்கூட்டின் வலது கை தோளோடு கழன்று தனியாகக் கிடந்தது. இடது முழங்கால் செல்லோடேப்பின் தயவில் தொங்கிக்கொண்டிருந்தது. சூனியக்காரி முகமூடியில் நெற்றிப்பொட்டிலிருந்து கண் வரைக்கும் விரிசல். பிளாஸ்டிக் பூசணி விளக்கின் ஒயரை வளைத்தால் மேலுறை பொடிப்பொடியாக உதிர்ந்தது. நியூ ஜெர்சி வீட்டை அம்மா காலி செய்தபோது பேஸ்மென்ட்டிலிருந்து என் பங்குக்கு வந்த ஹாலோவீன் பெட்டியின் நிலவரம் இதுதான். அக்டோபர் 31 ராத்திரி, குழந்தைகள் வேஷம் போட்டு வீடு வீடாகப் போய் மிட்டாய் கேட்கும் அந்த ஹாலோவீன்தான். எல்லாம் 1970களின் கடைசியிலும் 80களின் தொடக்கத்திலும் வாங்கியவை.

விற்பதற்காக இவற்றைச் சரிசெய்யவில்லை. சேகரிப்பவர்கள் எங்கள் சாமான்களைக் கையால்கூடத் தொடமாட்டார்கள்; சூனியக்காரி வேஷம் வந்த பெட்டியின் மூடியிலேயே அக்கா பால்பாயின்ட் பேனாவால் தன் பேரை மூன்று இடத்தில் எழுதி வைத்திருக்கிறாள். அக்டோபர் முழுக்கச் சுவரில் மாட்ட வேண்டும், நவம்பர் பிறந்ததும் கழற்றி வைக்க வேண்டும், அடுத்த வருஷமும் அதே. ஆசை அவ்வளவுதான். அதற்காக ஒரு விதியை வைத்துக்கொண்டேன்: ஒட்டு, பழைய பொருளைவிடப் பலமாக இருக்கக் கூடாது. யாராவது இழுத்தால் ஒட்டு விட்டுக்கொடுக்கட்டும், மறுபடி ஒட்டிக்கொள்ளலாம். அட்டை கிழியக் கூடாது. ஒரே ராத்திரி தாங்கினால் போதும் என்று செய்த சாமான்கள் இவை. நாற்பது வருஷத்துக்கு மேல் ஓடிவிட்ட பிறகு அவற்றின் மேல் இரும்புப் பிடி போட்டால், பிடி நிற்கும், சாமான் நிற்காது.

எலும்புக்கூட்டிலிருந்து தொடங்கினேன். இந்த ரக அட்டை அலங்காரங்களுக்குப் பேர்போனது பென்சில்வேனியாவில் ஷிப்பென்ஸ்பர்க் ஊரிலுள்ள பீஸ்டில் கம்பெனி. 1900-இல் ஆரம்பித்தது, இன்றும் நடக்கிறது. தேன்கூடு போல விரியும் டிஷ்யூ காகிதப் பந்துகள், முதுகை வளைத்துச் சீறும் கறுப்புப் பூனை, ஆந்தை, கை கால் ஆடும் எலும்புக்கூடு என்று 1920களிலிருந்தே ஹாலோவீனுக்குச் செய்திருக்கிறார்கள். பழையவற்றின் ஓரத்தில் ‘எச். இ. லூர்ஸ்’ என்ற பேர் அச்சாகியிருக்கும். அவர் நிறுவனரின் மருமகன். அந்தப் பேர் இருந்தால் சேகரிப்பவர்கள் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். எங்களுடையது அவ்வளவு பழசு இல்லை.

செய்முறை எளிது. தடித்த அட்டையில் அச்சடித்து, உருவத்தின் ஓரம் பார்த்து அச்சுக்கத்தியால் வெட்டி, மூட்டுகளில் ஐலெட் என்கிற, நடுவில் ஓட்டையுள்ள சின்ன உலோக வளையத்தை அடித்துக் கோத்துவிடுவது. அதோடு அட்டையை அச்சில் அழுத்தி விலா எலும்புகளைக் கொஞ்சம் புடைக்கச் செய்திருப்பார்கள். விளக்கு வெளிச்சம் பக்கவாட்டில் விழும்போது எலும்புக்கூட்டுக்கு உயிர் கொடுப்பது அந்தப் புடைப்புத்தான். பழுதுபார்க்கும்போது முதலில் போவதும் அதுதான், ஏனென்றால் ஒட்டிய இடம் காய நாம் கனமான புத்தகத்தைத் தூக்கி மேலே வைப்போம், புடைப்பெல்லாம் சப்பையாகிவிடும்.

முதல் வேலை, அப்பா ஒட்டிய செல்லோடேப்பை எடுப்பது. அப்பாவைக் குற்றம் சொல்ல முடியாது. 1980-இல் அக்டோபர் 31 வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமையும் அதுவுமாக வாசற்கதவில் எலும்புக்கூடா என்று அம்மா பிடித்த பிடியில், அதை அவசரமாகப் பிய்த்துச் சமையலறைப் பின்கதவுக்கு மாற்றினார்கள். முழங்கால் போனது அன்றைக்குத்தான். பூசணிக்கு மட்டும் அம்மாவிடம் தடையே இல்லை. முகம் வரைந்த பூசணிக்காய் வாசலில் இருப்பதில் அம்மாவுக்கு என்ன ஆட்சேபம் இருக்க முடியும்? திருஷ்டிக்கு நல்லது என்று தானே துடைத்து எடுத்து வைத்தார்.

பழைய டேப்பில் இரண்டு பகுதி: மேலே பிளாஸ்டிக் நாடா, கீழே பசை. வருஷக்கணக்கில் பசை காற்றுப் பட்டுப் பழுப்பாகி அட்டைக்குள் ஊறிவிடும். நாடா மொறமொறவென்று தனியே நிற்கும். ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில் தள்ளிப் பிடித்து, மூங்கில் குச்சியைச் சீவிச் செய்த தட்டைக் கத்தியால் நாடாவைக் கிட்டத்தட்ட படுக்கைவசமாகத் தூக்கினேன். மேல்நோக்கி இழுத்தால் அச்சு மையும் கூடவே வந்துவிடும். நாடா போன பிறகு மிஞ்சிய பிசுக்கை, ரப்பர் சிமென்ட் துடைக்க ஓவியர்கள் வைத்திருக்கும் கெட்டி ரப்பர் கட்டியால் உருட்டி உருட்டி எடுத்தேன். பழுப்புக் கறை போகவில்லை, போகாது. கரைப்பான் எதையாவது ஊற்றி விரட்டலாம்தான். கறை நகரும், கூடவே கறுப்பு மையும் நகரும். முழங்காலில் ஒரு பழுப்புப் பட்டை இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டேன்.

அடுத்தது பசை. காகிதங்களைப் பாதுகாக்கும் நிபுணர்கள் பயன்படுத்துவது கோதுமை மாச்சத்துப் பசை. மைதாவை அப்படியே காய்ச்சினால் ஆகாதா என்று கேட்கலாம். சினிமா போஸ்டர் ஒட்ட அது போதும். ஆனால் மைதாவில் மாச்சத்தோடு பசையப் புரதமும் இருக்கிறது. அது நாளாக நாளாகப் பழுப்பாகும், பூச்சியையும் அழைக்கும். நம் ஊர் பைண்டிங் கடைகளில் பூச்சிக்குப் பயந்து பசையில் மயில்துத்தம் கலப்பார்கள். கணக்குப் புத்தகத்துக்குச் சரி, இதற்கு வேண்டாம். தாமிர உப்பு காகிதத்துக்கு ஆகாது.

புரதத்தை நீக்கும் வழி வீட்டிலேயே இருக்கிறது. முதலூர் மஸ்கோத் அல்வாவுக்கு மைதாவைப் பிசைந்து ஊறவைத்துப் பால் எடுப்பார்களே, அதே வேலை. கெட்டியாகப் பிசைந்த மாவைத் தண்ணீருக்குள் வைத்துக் கசக்கக் கசக்க, கையில் ரப்பர் மாதிரி இழுபடும் ஓர் உருண்டை மிஞ்சும், அதுதான் புரதம். தண்ணீர் வெளுத்துப் பாலாகும். வடிகட்டி ராத்திரி முழுக்க அசையாமல் வைத்தால் மாச்சத்து அடியில் இறுகிப் படியும். மேல் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். போனில் இதைச் சொன்னபோது அம்மா, “இவ்வளவு தூரம் வந்துட்டு அல்வா கிண்டாம விட்டுட்டியா?” என்று கேட்டார்.

அந்தப் படிவில் ஒரு பங்குக்கு ஐந்து பங்கு தண்ணீர் விட்டுச் சிறுதீயில் கைவிடாமல் கிளற வேண்டும். வெள்ளை மங்கிக் கண்ணாடித்தன்மை வரும் வரைக்கும், ஏறக்குறைய இருபது நிமிஷம். ஆறிய பிறகு மெல்லிய சல்லடையில் தேய்த்து எடுத்து, தேவைக்குத் தண்ணீர் சேர்த்து, கெட்டி மோர்ப் பதத்துக்குக் கொண்டுவந்தேன். ஃப்ரிட்ஜில் சில நாள் தாங்கும். புளித்த வாடை வந்தால் கொட்டிவிட வேண்டியதுதான்.

இந்தப் பசையின் அருமை, காய்ந்த பிறகும் ஈரம் காட்டினால் இளகி வந்துவிடும் என்பது. ஃபெவிக்கால் வகையறா அப்படி வராது. ஆனால் ஈரம் மையைக் கலைக்குமா என்று முதலில் பார்க்க வேண்டும். குதிகாலின் ஓரத்தில் ஈரப் பஞ்சுக்குச்சியை வைத்து ஒற்றிப் பார்த்தேன். பஞ்சு வெள்ளையாகவே வந்தது.

ஒட்டுத்தாளுக்கு ஜப்பானிய மல்பெரி நார்க் காகிதம். கத்தரியால் வெட்டினால் நேர்க்கோட்டு விளிம்பு அட்டையில் தடமாகத் தெரியும். அதனால் தூரிகையால் ஈரக்கோடு இழுத்து, கோடு ஊறியதும் இரண்டு பக்கமும் மெதுவாக இழுத்துப் பிரிக்க வேண்டும். விளிம்பில் நார்கள் மயிர்மயிராக நீண்டு நிற்கும்; அவைதான் அட்டையோடு படிந்து பிடிக்கும். தோளில் ஐலெட்டைச் சுற்றி அட்டையே பிய்ந்து காணாமல் போயிருந்ததால், அந்த அளவுக்குப் பழைய கோப்பு அட்டை ஒன்றிலிருந்து துண்டு வெட்டிப் பொருத்தினேன். பின்பக்கத்தில் நார்க் காகிதம் இரண்டு அடுக்கு, ஒன்றின் நாரோட்டம் நெடுக்கில், இன்னொன்றுடையது குறுக்கில். மேலே சிலிக்கான் பூசிய பேக்கிங் தாள், அதன் மேல் மையொற்றும் தாள், அதற்கும் மேல் தடித்த கம்பளித் துணி, கடைசியில்தான் எடை. கம்பளித் துணி புடைப்புக்குத் தக்கபடி அமுங்கிக் கொடுக்கும். எடைக்கு ஒரு பருப்பு டப்பா போதும். ஒற்றுத்தாளை அடிக்கடி மாற்றினால்தான் அட்டை வளையாமல் காயும்.

முன்பக்கத்தில் புதுத் துண்டு வெள்ளையாகப் பல்லைக் காட்டியது. வாட்டர் கலரில் கொஞ்சம் மஞ்சளும் பழுப்பும் கலந்து துண்டுக்குள் மட்டும் பூசினேன். பழைய எலும்பு வெள்ளை இல்லை. காய்ந்த பூண்டுத் தோலின் நிறத்துக்கு வந்திருக்கிறது. பக்கத்தில் நின்றால் ஒட்டு தெரியும். அது தெரியத்தான் வேண்டும் என்பது என் கட்சி.

தொலைந்த ஐலெட்டுக்குப் பதிலாக அதே அளவில் பித்தளை ஐலெட் கைவினைக் கடையில் கிடைத்தது. அடிக்கும் முன் இரண்டு அட்டைக்கும் நடுவில் மெல்லிய பாலியெஸ்டர் படலத்தை வட்டமாக வெட்டி வைத்தேன். கை ஆடும்போது அட்டையும் அட்டையும் உரசாது. ஐலெட்டை முழுக்க இறுக்காமல், கை தன் எடையிலேயே மெல்லச் சுழலும் அளவுக்கு நிறுத்திக்கொண்டேன். மூட்டு இறுகியிருந்தால் மாட்டும்போது தோள் மறுபடி கிழியும்.

இனி சூனியக்காரி. அமெரிக்காவில் அந்தக் காலத்தில் வளர்ந்தவர்களுக்குப் பெட்டியைச் சொன்னாலே போதும். சட்டைப் பெட்டி அளவு அட்டை, மூடியில் செல்லோஃபேன் சன்னல், சன்னலுக்குள்ளிருந்து நம்மையே பார்க்கும் முகமூடி, அதற்கு அடியில் மடித்த உடுப்பு. புரூக்ளினில் 1937-இல் தொடங்கிய பென் கூப்பர், பென்சில்வேனியாவின் காலேஜ்வில், பிட்ஸ்பர்க்கின் ஹால்கோ மூன்றும்தான் இந்தத் தொழிலில் பெரிய கைகள். மலிவு விலைக் கடைகளில் கூரை உயரத்துக்கு அடுக்கியிருப்பார்கள். எங்கள் பெட்டியில் கம்பெனிப் பேர் இருந்த பக்கமே கிழிந்து போயிருந்தது.

உடுப்பின் கூத்து தனி. சூனியக்காரி போல உடை இருக்காது. உடையின் நெஞ்சில் சூனியக்காரியின் படம் அச்சடித்திருக்கும். தான் யார் என்று எழுதியும் வைத்திருக்கும். நியூ ஜெர்சிக் குளிரில் அதன் மேல் அம்மா கோட்டை மாட்டிவிட்டதும் படமும் மறைந்துவிடும். மிச்சம் முகமூடி ஒன்றுதான். அதையும் முழுதாகப் போட்டிருக்க முடியாது: மூச்சின் ஈரம் உள்பக்கம் திரண்டு மோவாயில் சொட்டும், கண் ஓட்டைக்கும் கண்ணுக்கும் சம்பந்தமே இருக்காது, உதட்டுக் கீறலுக்குள் நாக்கை விட்டால் வெட்டும். நாலாவது வீட்டுக்குள் எல்லோருடைய முகமூடியும் தலைக்கு மேல் ஏறியிருக்கும்.

விரிசல் தொடங்கிய இடம் நெற்றிப்பொட்டில் எலாஸ்டிக்கைப் பிடித்திருந்த பின். அந்தப் பின் துருப்பிடித்து, பிளாஸ்டிக்கிலும் துரு ஏறியிருந்தது. ஒட்டுவதற்கு முன்னால் இது என்ன பிளாஸ்டிக் என்று தெரிய வேண்டும். ஓரத்தில் உதிர்ந்த ஒரு சில்லு கையில் இருந்தது. ஒரு தம்ளரில் நல்ல தண்ணீர், இன்னொன்றில் இனி கரையாது என்கிற வரைக்கும் உப்புப் போட்ட தண்ணீர். சில்லில் காற்றுக்குமிழி ஒட்டாமல் இருக்க ஒரு சொட்டு சோப்பு. நல்ல தண்ணீரில் மூழ்கியது, உப்புத் தண்ணீரில் மிதந்தது. கெட்டி வினைலாக இருந்தால் இரண்டிலும் மூழ்கியிருக்கும், பாலிஎத்திலீன் இரண்டிலும் மிதந்திருக்கும். ஆகவே இது பெரும்பாலும் பாலிஸ்டைரீன்: சூடான தகட்டை அச்சின் மேல் போட்டு அடியிலிருந்து காற்றை உறிஞ்சி வடிவம் கொடுத்தது.

பாலிஸ்டைரீன் என்றால் அசிட்டோன் பக்கமே வரக் கூடாது, நகப்பூச்சு அழிப்பானும் அப்படித்தான். இரண்டும் முகத்தைக் கரைத்துவிடும். பொம்மை விமானம் ஒட்டும் பசையும் கரைத்துத்தான் ஒட்டுகிறது. நன்றாகப் பிடிக்கும், ஆனால் திரும்ப எடுக்க வழியில்லை. சூப்பர் க்ளூவின் ஆவி சுற்றிலும் வெள்ளை பூக்கவைக்கும். கடைசியில் இங்கேயும் மல்பெரி காகிதமே கைகொடுத்தது. விரிசலின் இரு ஓரங்களையும் சமமாகச் சேர்த்து முன்பக்கம் தாற்காலிகமாகப் பிடித்துக்கொண்டு, பின்பக்கத்தில் தண்ணீரில் கலக்கும் அக்ரிலிக் ஜெல் தடவிக் காகிதத்தைப் படியவிட்டேன். துருப்பிடித்த பின்னை எடுத்துவிட்டேன். புது எலாஸ்டிக்கைப் பழைய ஓட்டையில் கட்டவில்லை. இனி யாரும் இதை முகத்தில் போடப்போவதில்லை. சுவரில் மாட்ட, உள்பக்கம் முழுதையும் தாங்குகிற மாதிரி அட்டையில் ஒரு தாங்கி போதும்.

முகமூடியின் மோவாயில் இன்னொரு விசித்திரம். விளிம்பு இளகி, அதில் உடுப்பின் மடிப்புத் தடம் பதிந்திருந்தது. பேஸ்மென்ட்டில் அவ்வளவு சூடு கிடையாது. காரணம் உடுப்பின் வினைல்தான். வினைலை வளையவைக்க அதில் எண்ணெய் போன்ற ஒரு பொருளைக் கலப்பார்கள். வருஷங்கள் போகப் போக அது கசிந்து மேலே வரும். பழைய வினைலைத் தொட்டால் பிசுபிசுப்பது அதனால்தான். அதே பொருள் பாலிஸ்டைரீனைத் தொட்டால் அதையும் இளக்கிவிடும். முகமூடியை உடுப்பின் மேல் வைத்து விற்ற அதே பெட்டிக்குள்தான் இத்தனை காலமும் இரண்டும் ஒன்றையொன்று தின்றுகொண்டிருந்தன. இந்த வகைப் பெட்டி உங்களிடம் இருந்தால், வேறொன்றும் செய்யாவிட்டாலும் இரண்டையும் இன்றைக்கே பிரித்து வையுங்கள்.

உடுப்பை ஒரு சொட்டு மென்சோப்புக் கலந்த தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து நிழலில் உலரவிட்டேன். இஸ்திரிப் பெட்டியைக் கிட்டே கொண்டுபோகவில்லை. மடிப்பைப் போக்க, அமிலமில்லாத டிஷ்யூ காகிதத்தை உருளையாகச் சுருட்டி அதன் மேல் தளர்வாகப் போட்டிருக்கிறேன். மடிப்பு பாதி போயிருக்கிறது.

உடுப்புக்குக் கீழே, பெட்டியின் அடியில், ஆரஞ்சு நிறத்தில் தட்டையாக மடிந்த ஒரு யுனிசெஃப் டப்பா கிடைத்தது. மிட்டாயோடு உலகக் குழந்தைகளுக்காகச் சில்லறையும் கேட்டு வாங்கும் வழக்கம் 1950-இல் பிலடெல்பியாவில் தொடங்கியது. பள்ளிக்கூடத்தில் ஆளுக்கொன்று கொடுப்பார்கள். அதை அப்படியே வைத்துவிட்டேன்.

இந்த ஹாலோவீன் பெட்டியில் 1982-க்குப் பிறகு வாங்கியது எதுவும் இல்லை. காரணம் எனக்கு நினைவிருக்கிறது. அந்த வருஷம் செப்டம்பர் கடைசியில் சிகாகோ பக்கம் டைலினால் வலி மாத்திரையில் யாரோ சயனைடு கலந்து ஏழு பேர் இறந்தார்கள். ஒரே மாதத்தில் ஹாலோவீன். பல ஊர்களில் வீடு வீடாகப் போவதைத் தடுத்தார்கள், சில ஆஸ்பத்திரிகளில் மிட்டாயை எக்ஸ்ரே எடுத்துக் கொடுத்தார்கள். அம்மா எங்களை வாசற்படி தாண்ட விடவில்லை. அறிமுகமில்லாதவர்கள் ஹாலோவீன் மிட்டாயில் விஷம் வைத்துக் குழந்தைகளைக் கொன்றார்கள் என்பதற்கு உறுதியான சம்பவமே இல்லை என்று ஜோயல் பெஸ்ட் என்ற சமூகவியலாளர் 1985-இலேயே எழுதிவிட்டார். எந்த அம்மா சமூகவியல் படித்துவிட்டு முடிவெடுக்கிறாள்? பெட்டி வேஷங்களின் வியாபாரமும் அதன் பிறகு பழையபடி நிமிரவில்லை. பென் கூப்பர் கம்பெனியை 1992-இல் ரூபீஸ் என்ற இன்னொரு வேஷக் கம்பெனி வாங்கிக்கொண்டது.

பூசணி சுலபம். சூடான பிளாஸ்டிக் குழாயை அச்சுக்குள் விட்டுக் காற்றடித்து ஊதச் செய்யும் ரகம். ஷாம்பூ பாட்டிலும் இப்படித்தான் பிறக்கிறது. பாலிஎத்திலீன் என்பதால் சுலபத்தில் உடையாது. பழைய ஒயரை மட்டும் முழுதாகக் கழற்றிப் போட்டுவிட்டேன். வெடித்த ஒயரில் டேப் சுற்றி ஓட்டலாமா என்று யோசிக்கவே வேண்டாம். அந்தக் கால ஒயர் உறைகளில் ஈயம் கலந்திருக்கும், தொட்ட பிறகு கையைக் கழுவ வேண்டும். சின்ன ஹோல்டரோடு கூடிய புது ஒயர், இந்த மாதிரி பூசணிகளுக்கென்றே விற்கிறார்கள். முன்பு 7 வாட் குண்டு பல்பு இருந்த இடத்தில் இப்போது எல்இடி. உள்ளே சூடே ஏறுவதில்லை. வெள்ளை எல்இடி போட்டால் பூசணிக்குக் காமாலை வந்த மாதிரி இருக்கிறது, இளமஞ்சள் வாங்குங்கள். கண்ணைச் சுற்றிக் கறுப்புப் பெயின்ட் உரிந்த இடங்களை நான் தொடவில்லை. பாலிஎத்திலீனில் பெயின்ட் லேசில் பிடிக்காது, பிடித்தாலும் புதுக் கறுப்பு தனியே தெரியும்.

இன்னும் முடியாமல் இருப்பது வேஷப் பெட்டியின் சன்னல். செல்லோஃபேன் சுருங்கித் தன் ஓரத்து அட்டையையே இழுத்துக் கிழித்துவிட்டது. அதை எடுத்துவிட்டுப் பாலியெஸ்டர் படலம் ஒட்டலாம், ஆனால் ஒரு மூலையில் பழைய விலைச்சீட்டு செல்லோஃபேன் மேலேயே ஒட்டியிருக்கிறது. சீட்டு வேண்டுமா, சன்னல் வேண்டுமா என்று அக்காவைக் கேட்டேன். “டேய், சீட்டை எடுத்தா நான் வந்து ஒதைப்பேன்” என்றாள். அதனால் பழைய செல்லோஃபேனைத் தொடாமல், மூடியின் உள்பக்கத்தில் படலத்தை அதே மாச்சத்துப் பசையும் காகிதக் கீற்றுமாகக் கட்டிப் பார்க்கப்போகிறேன். படலத்தில் அந்தப் பசை பிடிக்காது; கீற்று அட்டையோடு ஒட்டிக்கொண்டு படலத்தைச் சட்டம் போல நான்கு ஓரமும் பிடித்தால் போதும்.

எலும்புக்கூடு இந்த வருஷம் வரவேற்பறைச் சுவருக்கு வந்துவிட்டது. ஐலெட்டில் ஆணி இல்லை. மண்டையின் பின்னால், இரண்டு தோள்களின் பின்னால், இடுப்பில் என்று நாலு இடத்தில் நூல் கட்டி எடையைப் பிரித்திருக்கிறேன். நவம்பர் 1 அன்று கழற்றி, கை கால் மடக்காமல் தட்டையான பெட்டிக்குள் போகும். வினைல் உடுப்புக்குத் தனிப் பெட்டி, அதுவும் காற்றுப் புகாமல் மூடாத பெட்டி. பேஸ்மென்ட் வேண்டாம், பரணும் வேண்டாம். படுக்கையறை அலமாரியின் மேல்தட்டில் இடம் பிடித்திருக்கிறேன், என் மனைவியின் சூட்கேஸ் ஒன்றை நகர்த்திவிட்டு.